ஒரு ஆளுக்கும் உலை வைக்கலாம்



வெளியில் சமைத்து வெளியிலேயே தூங்குவதை ஒரு பொழுதுபோக்கு என்று சொன்னால், விழுந்து விழுந்து சிரிக்க முழுத் தகுதி உள்ளவர்கள் நாமக்கல் மாவட்டத்தில் ஆயிரக்கணக்கில் இருக்கிறார்கள். திருச்செங்கோட்டிலிருந்து கிளம்பும் ரிக் வண்டிகள் ஆழ்துளைக் கிணறு போட வடமாநிலங்கள் வரை போகின்றன. கூடவே அரிசி மூட்டையும் அடுப்பும் போகும். லாரி ஓட்டுநர்கள் வண்டியின் பக்கவாட்டுப் பெட்டியில் பாத்திரம் பண்டம் வைத்திருப்பார்கள். நிழல் பார்த்து ஓரங்கட்டி, ஒரு குழம்பு வைத்து, சாப்பிட்ட கையோடு வண்டிக்கு அடியில் துணியைத் தூளியாகக் கட்டி ஒரு தூக்கம் போடுவார்கள். தெற்கே போனால் கீதாரிகள். ஆட்டுக்கிடையோடு ஊர் ஊராக நடந்து, அறுவடை முடிந்த வயலில் மூன்று கல்லைக் கூட்டிச் சோறு பொங்கி அங்கேயே படுக்கிறவர்கள்.

அவர்களுக்கு அது பிழைப்பு. அதையே செய்வதற்குக் காசு கொடுத்துப் பையும் படுக்கையும் வாங்குகிறவர்கள் நகரத்தில் இருக்கிறோம். நானும் அதில் ஒருத்தி. இந்த மாதம் அந்த ஆசையைப் பற்றித்தான் உங்களோடு பேசப் போகிறேன். தை மாதத்து இரவு ஒன்றைக் கொல்லிமலையில், இரண்டு மரங்களுக்கு நடுவே தொங்கும் ஹேமக்கில் தனியாகக் கழித்தேன். எனக்கென்று மட்டும் ஒரு சமையலும் செய்தேன். இரண்டில் எது பெரிய விஷயம் என்று கேட்டால், சமையலைத்தான் சொல்வேன்.

முதலில் இடம். சேந்தமங்கலம், காளப்பநாயக்கன்பட்டி, காரவள்ளி என்று போய், அங்கிருந்து 70 கொண்டை ஊசி வளைவுகள் ஏறினால் கொல்லிமலை. கடல் மட்டத்திலிருந்து ஆயிரம் மீட்டருக்கு மேல். மிளகு, காப்பி, பலா, வாழை, அன்னாசி விளைகிற மண். சாமையும் தினையும் கேழ்வரகும் இன்னும் முற்றாகக் கைவிடப்படாத மலை. கல்லூரித் தோழி ஒருத்திக்கு அங்கே சின்னதாக ஒரு காப்பித் தோட்டம் இருக்கிறது. தோட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரும் அவர் மனைவியும் கூப்பிடு தூரத்தில் குடியிருக்கிறார்கள். 'தனியாக' என்று நான் சொல்வது இந்த அளவுக்குத்தான். குரல் கொடுத்தால் கேட்கிற தொலைவில் ஒரு வீடு இருக்க வேண்டும். நான் எங்கே இருக்கிறேன், எப்போது திரும்புவேன் என்பது வீட்டில் ஒருவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். இந்த இரண்டும் இல்லாத தனிமையை நான் யாருக்கும் சிபாரிசு செய்ய மாட்டேன். பெண்களுக்கு மட்டும் சொல்லவில்லை, ஆண்களுக்கும்தான்.

ஏன் காட்டுக்குள் போகவில்லை என்று சிலர் கேட்பீர்கள். வனத்துறை அனுமதி இல்லாமல் காப்புக்காட்டுக்குள் நுழைவதே குற்றம். அங்கே தங்கித் தீ மூட்டுவது அதைவிடப் பெரிய குற்றம். 2018 மார்ச் 11 அன்று தேனி மாவட்டம் குரங்கணியில் மலையேறப் போனவர்கள் காட்டுத்தீயில் சிக்கினார்கள். இருபதுக்கும் மேற்பட்டோர் உயிரிழந்தார்கள். அதன் பிறகே தமிழ்நாட்டில் மலையேற்றத்துக்குத் தனி விதிகள் வந்தன. 2024-இல் அரசே 40 பாதைகளோடு 'ட்ரெக் தமிழ்நாடு' திட்டத்தைத் தொடங்கியது. காட்டுக்குள் நடக்க ஆசைப்படுகிறவர்கள் அங்கே பதிவு செய்து, வழிகாட்டியோடு போய் வரலாம். இரவு தங்கிச் சமைக்க வேண்டுமென்றால், உரிமையாளரின் சம்மதத்தோடு ஒரு தோட்டமோ தோப்போ போதும். உங்கள் சொந்த ஊரிலேயே யாராவது ஒருவருக்கு அப்படி ஓர் இடம் இருக்கும்.

ஹேமக் என்பது நம் வீட்டுத் தூளியின் அண்ணன்தான். கரீபியத் தீவுகளின் தைனோ மக்கள் பருத்தியில் பின்னித் தொங்கவிட்டுப் படுத்ததை, 1492-இல் அங்கே போய் இறங்கிய கொலம்பஸ் தன் குறிப்புகளில் எழுதிவைத்தார். ஐரோப்பியக் கப்பல்கள் அதைப் பிடித்துக்கொண்டன. கப்பல் உருளும்போது கட்டிலில் படுத்தவன் கீழே விழுவான்; தொங்குகிறவன் விழ மாட்டான். காலையில் சுருட்டி வைத்துவிட்டால் இடமும் மிச்சம். சந்திரனுக்குக்கூட அது போயிருக்கிறது. 1969 ஜூலையில் அப்பல்லோ 11-இல் போன ஆம்ஸ்ட்ராங்கும் ஆல்ட்ரினும் இறங்குகலத்துக்குள் படுக்கை இல்லாமல் ஆளுக்கொரு மூலையில் முடங்கிக் கிடந்து, சரியாகத் தூங்காமல் திரும்பினார்கள். அதே ஆண்டு நவம்பரில் போன அப்பல்லோ 12 வீரர்களுக்கு ஹேமக் கொடுத்து அனுப்பினார்கள்.

ஆடும் படுக்கையில் தூக்கம் சீக்கிரம் வரும் என்று நம் பாட்டிகளுக்கு யாரும் சொல்லித்தர வேண்டியிருக்கவில்லை. ஜெனீவாப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2011-இல் அதை அளந்தே பார்த்தார்கள். 12 பேரை 45 நிமிட மதியத் தூக்கத்துக்கு, நான்கு விநாடிக்கு ஓர் ஆட்டம் என்ற கணக்கில் மெல்ல அசையும் கட்டிலில் படுக்க வைத்தார்கள். அசையாத கட்டிலைவிட இதில் சீக்கிரம் தூங்கினார்கள். தூக்கமும் ஆழமாக இருந்தது.

ஆனால் கட்டத் தெரியாமல் கட்டினால் தூக்கம் வராது, முதுகுவலிதான் வரும். முதல்முறை கட்டுகிற எல்லோரும் கயிற்றை விறைப்பாக இழுத்து, கட்டில் போல நேராக்கப் பார்ப்பார்கள். நேராக இழுக்க இழுக்கக் கயிற்றின் மீது விழும் சுமை ஏறிக்கொண்டே போகும். அறுபது கிலோ எடையுள்ளவர் படுக்கிறார் என்று வையுங்கள். கயிறு கிடைமட்டத்திலிருந்து 30 டிகிரி சரிவில் இருந்தால் ஒவ்வொரு பக்கமும் சுமார் 60 கிலோ சுமை விழும். 10 டிகிரி என்றால் 170 கிலோவைத் தாண்டும். 5 டிகிரி என்றால் ஒவ்வொரு பக்கமும் 340 கிலோவுக்கு மேல். ஆள் ஏறவில்லை, சுமை மட்டும் ஏறிவிட்டது. அதனால் கயிறு தளர்வாகத் தொய்ந்திருக்க வேண்டும். 3 மீட்டர் நீளமுள்ள ஹேமக்கின் இரண்டு முனைகளுக்கும் நடுவே 2.5 மீட்டரில் ஒரு மெல்லிய கயிறு கட்டிவிட்டால், எந்த மரத்தில் கட்டினாலும் அந்தத் தொய்வு மாறாது. படுக்கும்போது நடுவில் நீளவாக்கில் படுக்காமல், தலையை ஒரு பக்கமும் காலை மறுபக்கமும் தள்ளிக் குறுக்காகப் படுக்க வேண்டும். முதுகு வளையாது, துணி தட்டையாகிக்கொடுக்கும். உட்காரும் இடம் நாற்காலி உயரம், அதாவது தரையிலிருந்து ஒன்றரை அடி போதும். விழுந்தாலும் எழுந்து உட்கார்ந்து சிரிக்கிற உயரம் அது.

மரத்தைத் தேர்ந்தெடுப்பது தனிக் கலை. தென்னந்தோப்பு பார்க்க அழகு; ஆனால் மட்டையும் தேங்காயும் நேரம் பார்த்து விழாது. பலா காய்க்கும் காலத்தில் அதன் அடியில் படுக்க யாரும் துணிய மாட்டார்கள். மாமரம் என்றால் முசுறு கூடு கட்டியிருக்கிறதா என்று அண்ணாந்து பார்க்க வேண்டும். இலைகளை ஒட்டவைத்து உருண்டையாகக் கட்டிய கூடு ஒன்று தெரிந்தாலும் வேறு மரம் தேடுவது நல்லது. அந்தச் சிவப்பு எறும்புகள் கயிற்று வழியாகவே விருந்துக்கு வந்துவிடும். புளியமரத்தடியில் இரவில் படுக்காதே என்று பெரியவர்கள் சொன்னதைப் பேய்க்குப் பயந்து இல்லாவிட்டாலும், சொன்னவர்களுக்கு மரியாதை கொடுத்தாவது கேட்டுக்கொள்ளலாம். பட்டுப்போன மரம், காய்ந்த கிளை தொங்கும் மரம் எதுவும் கூடாது.

தோழியின் தோட்டத்தில் காப்பிக்கு நிழலாக சில்வர் ஓக் நின்றது. ஆஸ்திரேலியாவிலிருந்து வந்து நம் மலைத்தோட்டங்களில் நேராக நெடுநெடுவென்று நிற்கும் மரம். ஆனால் பாதி மரங்களில் மிளகுக்கொடி ஏறியிருக்கிறது. கொடி மேல் ஹேமக் கட்டும் பட்டையைச் சுற்றி இறுக்கினால் அந்தப் பருவத்து மிளகு போச்சு. கொடி இல்லாத இரண்டு மரங்களைப் பெரியவரே காட்டினார். நான்கு மீட்டர் இடைவெளி, தொடை அளவுக்குத் தடிமன். மெல்லிய கயிற்றை நேரடியாகக் கட்டினால் மரப்பட்டையை அறுத்துவிடும். ஓர் அங்குலத்துக்குக் குறையாத அகலப் பட்டையைத்தான் சுற்ற வேண்டும். மேலே பனிக்கும் மழைக்கும் ஒரு தார்ப்பாய். அதை இழுத்துக்கட்ட லாரியில் லோடு கட்டுகிறவர்கள் போடும் முடிச்சைவிட நல்ல முடிச்சு உலகத்தில் கிடையாது. இழுக்க இழுக்க இறுகும், ஒரு முனையைச் சுண்டினால் அவிழ்ந்துவிடும். பெரியவர் என் கையிலிருந்து கயிற்றை வாங்கி அதைப் போட்டுக் காட்டிவிட்டு, "ஏம்மா, வீட்ல எடமா இல்ல?" என்று கேட்டார். அவர் மனைவி உள்ளேயிருந்து, "அந்தம்மா ஆசைப்பட்டு வந்திருக்குது, விடுங்க" என்றார்.

குளிரைப் பற்றி ஒன்று சொல்லியாக வேண்டும். ஹேமக்கில் குளிர் கீழேயிருந்துதான் வரும். எவ்வளவு கனமான போர்வையானாலும் நம் உடம்பு அதை நசுக்கிவிடுகிறது. நசுங்கிய போர்வையில் காற்று தங்காது. காற்று தங்காத போர்வை கதகதப்பும் தராது. அடியில் காற்று வீசிக்கொண்டே இருப்பதால் முதுகு சில்லிட்டுப்போகும். இதற்கென்று ஹேமக்குக்கு வெளியே அடியில் தொங்கவிடும் மெத்தை விற்கிறார்கள், விலை அதிகம். நான் யோகா செய்யும் நுரைப்பாயை உள்ளே போட்டு, அதன் மேல் பவானி ஜமக்காளத்தை மடித்து விரித்துக்கொண்டேன். மலைமேல் தை மாதக் குளிருக்கு அது போதுமானதாக இருந்தது. சமவெளியில் படுக்கிறவர்களுக்கு இந்தத் தொங்கும் படுக்கையால் வேறொரு லாபம் உண்டு. கட்டுவிரியன் இரவில் நடமாடும் பாம்பு. அது பெரும்பாலும் தரையில் படுத்துத் தூங்குகிறவர்களைத்தான் கடிக்கிறது. தரையை விட்டு மேலே படுப்பதும் கொசுவலையைச் சுற்றிச் செருகிக்கொள்வதும் பாதிப் பாதுகாப்பு. காலையில் செருப்பையோ ஷூவையோ தட்டிப் பார்த்துப் போடுவது மீதி.

இனி அடுப்பு.

வெளியில் தங்கப் போகிறவர்கள் சமையலில் இரண்டு தப்பான பாதைகளில் போவதைப் பார்க்கிறேன். ஒன்று, வெந்நீர் ஊற்றினால் தயாராகும் பொட்டலங்களைச் சாப்பிட்டுவிட்டுக் காட்டைப் புகழ்வது. இன்னொன்று, வீட்டுச் சமையலறை முழுவதையும் டிக்கியில் ஏற்றிக்கொண்டு போய், வேலைக்காரராக மாறிவிடுவது. நடுவில் ஒரு வழி இருக்கிறது. பொருள் பட்டியல் சின்னதாக இருக்க வேண்டும். ஒரே பொருள் இரண்டு வேளைக்கும் பயன்பட வேண்டும். என் பட்டியல் இது: சின்ன வெங்காயம், வர மிளகாய், அரை மூடித் தேங்காய், கறிவேப்பிலை, மஞ்சள்தூள், உப்பு, சீரகம், நல்லெண்ணெய், சாமை, பாசிப்பருப்பு, கேழ்வரகு மாவு, கால் கிலோ வெடக்கோழிக் கறி. பாத்திரம் என்று பார்த்தால் ஓர் இரும்பு வடைச்சட்டி, மூடியோடு ஒரு சின்னக் குண்டா, ஒரு கரண்டி, ஒரு கத்தி. சாமையை மலைமேல் இருக்கும் செம்மேட்டில் வாங்கினேன். வாழை இலை தோட்டத்திலேயே இருந்தது.

நாமக்கல் மாவட்டத்தில் சமைக்கிறோம் என்றால் கறிக்குப் பள்ளிபாளையம் முறையை விட்டு வேறெங்கே போவது? ஈரோட்டுக்கு எதிர்க்கரையில் இருக்கும் அந்த ஊரின் கோழி வறுவல், வெளிச் சமையலுக்கென்றே பிறந்தது போல இருக்கும். மசாலாப் பொடி கிடையாது. அரைக்க எதுவும் கிடையாது. இஞ்சி பூண்டு விழுது சேர்ப்பவர்கள் உண்டு, நான் சேர்ப்பதில்லை. மிளகாயைக் கிள்ளி விதையை உதறிவிட வேண்டும். விதை போய்விட்டால் பத்து மிளகாய் போட்டாலும் காரம் நாக்கைச் சுடாமல் மணமாக இறங்கும். எண்ணெயில் மிளகாய், கறிவேப்பிலை, இரண்டாக நறுக்கிய சின்ன வெங்காயம் ஒரு கை. வெங்காயம் கண்ணாடி போல ஆனதும், சின்னத் துண்டுகளாக வெட்டிய கறி, மஞ்சள், உப்பு. தண்ணீர் ஊற்றக் கூடாது. அடி பிடிக்கும்போது கையால் தெளித்தால் போதும். மூடி போட்டுத் தணலில் விட்டுவிட வேண்டும். இளங்கோழி என்பதால் முக்கால் மணி நேரத்தில் வெந்துவிடும். கடைசியில் பல்லுப் பல்லாகக் கீறிய தேங்காயைப் போட்டு, ஈரம் சுண்டும்வரை திறந்து வைத்துப் புரட்ட வேண்டும். தேங்காய் ஓரம் பொன்னிறமாகும் இடத்தில் நிறுத்துங்கள்.

சாமைக்குப் பாசிப்பருப்பைத் துணை சேர்த்தேன். அரை டம்ளர் சாமை, ஒரு கைப்பிடிப் பருப்பு, இரண்டு டம்ளர் தண்ணீர். பருப்பு முதலில், சாமை பிறகு. மலையில் பருப்பு வேக நேரம் எடுக்கிறது என்று தோன்றினால், அது உங்கள் பொறுமைக் குறைவு அல்ல. 1,200 மீட்டர் உயரத்தில் தண்ணீர் 96 டிகிரியிலேயே கொதித்துவிடும். கொதிக்கிற தண்ணீரின் சூடே குறைவு என்பதால் பருப்பு மெதுவாகத்தான் மலரும். அதனால்தான் துவரையை விட்டுப் பாசிப்பருப்பைக் கொண்டுபோனேன். பருப்பு மலர்ந்ததும் கழுவிய சாமையைப் போட்டால் கால் மணி நேரத்தில் குழைந்துவிடும். சீரகமும் வெங்காயமும் நல்லெண்ணெயில் தாளித்துக் கொட்டி, மூடித் தணல் ஓரத்தில் ஒதுக்கி வைத்தால் கறி வேகும்வரை சூடு ஆறாது.

வெளிச் சமையலின் சூட்சுமம் செய்முறையில் இல்லை, தீயில் இருக்கிறது. கொழுந்துவிட்டு எரியும் தீயில் தண்ணீர் கொதிக்க வைக்கலாம். கறி வைத்தால் வெளியே கருகி உள்ளே பச்சையாக நிற்கும். அதனால் முதலில் பெரிய தீயில் பருப்பு உலை. அது கொதித்து முடிவதற்குள் விறகு எரிந்து தணலாகிவிடும். அந்தத் தணல் கறிக்கு. மூன்று கல் அடுப்பில் விறகை உள்ளே தள்ளினால் சூடு கூடும், வெளியே இழுத்தால் குறையும். காப்பிச் செடியைக் கவாத்து செய்தபோது வெட்டிப்போட்ட கட்டைகளைப் பெரியவர் ஒரு கட்டு எடுத்துவைத்திருந்தார். காய்ந்த காப்பிக் கட்டை நின்று எரியும். நல்ல தணல் விழும். பற்றவைக்கத் தேங்காய் நார், தணலைக் கூட்டக் கொட்டாங்குச்சி. தெரியாத குச்சியில் கறியைக் கோத்துச் சுடுவதை மட்டும் தவிர்த்துவிடுங்கள். அரளி, எட்டி போன்றவை நம் ஊரில் சர்வசாதாரணமாக நிற்கும் விஷச் செடிகள். குச்சியைப் பார்த்துக் கண்டுபிடிக்க எல்லோராலும் முடியாது.

தீ பற்றிய ஒழுங்கு சமையலைவிட முக்கியம். பெரியவர் வழக்கமாக மூட்டும் இடத்திலேயே அடுப்பு வைத்தேன். சுற்றிலும் இரண்டு மீட்டருக்குச் சருகைக் கூட்டித் தள்ளி, இரண்டு வாளித் தண்ணீரைப் பக்கத்தில் வைத்துக்கொண்டேன். ஹேமக் நைலான் துணி. ஒரு பொறி பட்டாலும் ஓட்டையாகும். அதனால் அது காற்று வரும் திசையில், நன்றாகத் தள்ளி. இருட்டுவதற்கு முன்பே சமைத்து முடித்துவிட வேண்டும் என்பது என் கணக்கு. தையில் ஆறு மணி தாண்டினால் வெளிச்சம் போய்விடும், டார்ச் வெளிச்சத்தில் கறியின் நிறம் தெரியாது. முடிந்ததும் தணலில் தண்ணீர் ஊற்றி, குச்சியால் கிளறி, மறுபடி ஊற்றி, சாம்பலுக்கு மேல் புறங்கையைக் காட்டிச் சூடு இல்லை என்று தெரிந்த பிறகே அடுப்பை விட்டு நகர வேண்டும். மாசி பங்குனியில் சருகு காய்ந்துவிட்டால் திறந்த அடுப்பே வேண்டாம். சின்ன கேஸ் அடுப்பு போதும். எலும்பும் மிச்சமும் அங்கேயே கிடந்தால் இரவில் பன்றி வரும். அள்ளிக் கட்டிப் பெரியவர் வீட்டுக் குப்பைக்குழிக்கு அனுப்பினேன். அவருக்கும் ஒரு பங்கு கறி போனது. "உப்பு கொஞ்சம் கம்மி" என்று அவர் மனைவியிடமிருந்து பதில் வந்தது. சரியான விமர்சனம்.

இலையைப் போட்டு, உட்கார்ந்து, அவசரமில்லாமல் சாப்பிட்டேன். எதிரில் யாரும் இல்லை. பரிமாற வேண்டியவர்கள் யாரும் இல்லை. 'எப்படி இருக்கு' என்று முகத்தைப் பார்க்க வேண்டியதும் இல்லை. சமைக்கத் தெரிந்த பெண்களில் எத்தனை பேர், தான் சமைத்ததைச் சூடாக, முதல் ஆளாக, உட்கார்ந்து சாப்பிட்டிருக்கிறோம் என்ற கேள்வி அப்போது வந்தது. அதோடு இன்னொன்றும் நினைவுக்கு வந்தது. ஓய்வுபெற்ற ஆசிரியை ஒருவர் நம் இதழுக்கு எழுதியிருந்த கடிதத்தில், "அவர் போனதுக்கப்புறம் நான் தாளிக்கிறதையே விட்டுட்டேன். ஒரு ஆளுக்கு எதுக்கு?" என்று ஒரு வரி இருந்தது. வேறு ஏதோ விஷயமாக எழுதிய கடிதம். இது நடுவில் வந்துபோன வரி. எனக்கு அந்த வரிதான் தங்கிவிட்டது.

ஒரு ஆளுக்கு எதுக்கு என்பதை நாம் சிக்கனம் என்று நினைத்துக்கொள்கிறோம். கூர்ந்து பார்த்தால் அது சிக்கனம் இல்லை. விருந்தாளி ஒருவர் வந்தால் அந்த ஒருவருக்காக வடை சுடுகிறோம். பிள்ளை ஒன்று ஊரிலிருந்து வந்தால் அந்த ஒன்றுக்காக இரவு பத்து மணிக்குத் தோசைக்கல்லைப் போடுகிறோம். அப்போதெல்லாம் ஒரு ஆள் என்பது குறைவாகத் தெரிவதில்லை. அந்த ஒரு ஆள் நாமாக இருக்கும்போதுதான் அடுப்பு வேண்டாம் என்று தோன்றுகிறது. வீட்டில் இதை மாற்றுவது கடினம். பழக்கம் இழுத்துப்பிடிக்கும், பழைய குழம்பு கண்ணெதிரே ஃபிரிட்ஜில் இருக்கும். வெளியே போய்விட்டால் அந்த வசதி இல்லை. பசித்தால் மூட்ட வேண்டும். மூட்டினால் சமைக்க வேண்டும். இவ்வளவு பாடுபட்ட பிறகு அதை நன்றாகவே செய்துவிடலாம் என்று கைக்குத் தோன்றிவிடுகிறது. ஓர் இரவு வெளியில் தங்குவதன் பயனாக நான் நினைப்பது இதைத்தான்.

இரவில் பயம் இருந்ததா என்று கேட்பவர்களுக்கு: இருந்தது. படுத்தவுடன் காது பெரிதாகிவிடுகிறது. சில்வர் ஓக் சருகு ஒன்று தார்ப்பாயில் விழுந்தால்கூட யாரோ நடந்து வருவது போலக் கேட்கும். எலி ஓடினால் பன்றி என்று தோன்றும். ஒவ்வொரு சத்தத்துக்கும் எழுந்து டார்ச் அடிக்காமல், இது சருகு, இது எலி, இது பெரியவர் வீட்டு நாய் என்று பேர் வைத்துக்கொண்டே வந்தால், ஒரு கட்டத்தில் புதிதாகப் பேர் வைக்க ஒன்றும் மிச்சமிருக்காது. தூக்கம் அதற்குப் பிறகு வரும். புது இடத்தில் யாருக்கும் முழுத் தூக்கம் வராது; நடுவில் விழிப்பதும் திரும்பிப் படுப்பதும் சகஜம். அதை ஒரு தோல்வியாக நினைக்காதீர்கள்.

காலையில் மிச்சமிருந்த வெங்காயம், தேங்காய், கறிவேப்பிலை, மிளகாய் எல்லாவற்றையும் கேழ்வரகு மாவில் பிசைந்து, அதே வடைச்சட்டியைக் கழுவாமல் அடை தட்டினேன். முந்தின நாள் கறியின் எண்ணெய் ஏறிய இரும்பு. அதற்கு மேல் அந்த அடைக்கு எதுவும் தேவைப்படவில்லை. தோட்டத்துக் காப்பித்தூளும் கருப்பட்டியும் சேர்த்துக் காப்பி. ஒன்பது மணிக்குள் பட்டையை அவிழ்த்துச் சுருட்டிவிட்டேன். மரத்தில் தடம் இல்லை; அடுப்பு இருந்த இடத்தில் ஈரச் சாம்பல் மட்டும்.

முதல்முறை செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு ஒரு யோசனை. மலைக்குப் போக வேண்டாம். மொட்டைமாடியில் நல்ல தூண்கள் இருந்தால், அவை தாங்குமா என்று கொத்தனாரைக் கேட்டுவிட்டுக் கட்டுங்கள். கைப்பிடிச் சுவரின் ஒல்லித் தூணிலும், தண்ணீர்த் தொட்டிக் குழாயிலும் கட்டாதீர்கள். மேலே சொன்ன கணக்கில் எத்தனை கிலோ சுமை விழும் என்பதை ஒருமுறை திரும்பப் படியுங்கள். கட்ட இடமில்லை என்றால் கயிற்றுக் கட்டில் போதும். அன்றைக்கு இரவு உங்களுக்கு மட்டும் ஒரு சமையல். எது வேண்டுமானாலும் இருக்கலாம், முந்தின நாள் குழம்பாக இல்லாமல் இருந்தால் சரி.

இதற்காகவே அடுத்த இதழிலிருந்து 'ஒரு ஆள் சமையல்' என்று ஒரு பக்கம் ஒதுக்கியிருக்கிறோம். நம் சமையல் குறிப்புகள் எல்லாம் நான்கு பேரில்தான் தொடங்குகின்றன; நான்கால் வகுத்தால் அரை முட்டை, கால் தக்காளி என்று வந்து நிற்கிறது. அதனால் உங்களுக்கென்று மட்டும் நீங்கள் சமைப்பதை, ஒரு ஆளுக்கான அளவில் எழுதி அனுப்புங்கள். விடுதிப் பிள்ளைகள், வெளியூர் வேலைக்காரர்கள், தனியாக இருக்கும் பெரியவர்கள், லாரி ஓட்டும் அண்ணன்கள் எல்லோரும் எழுதலாம். எழுத நேரமில்லாத ஓட்டுநர்கள் சொல்லச் சொல்ல வீட்டில் யாராவது எழுதித்தந்தாலும் சரி. ஒரே ஒரு நிபந்தனை: அளவைக் கரண்டியிலோ டம்ளரிலோ கைப்பிடியிலோ சொல்லிவிடுங்கள். 'உப்பு தேவையான அளவு' என்று எழுதினால் கடிதம் உங்களுக்கே திரும்பி வரும். என் சமையலில் உப்பு எப்படி என்று கொல்லிமலையில் ஏற்கெனவே சொல்லிவிட்டார்கள்.

அன்புடன்,
ஆசிரியர்